புத்தகம் எழுத எந்த மென்பொருள்? பட்டறிந்தவர்களின் பகிர்வு

தொடங்கி வைப்பவர்

என் முதல் நாவலின் பதினான்கு அத்தியாயங்களை ஒரு கைபேசிச் செயலியில் எழுதினேன். அதன் பெயர் வேண்டாம். இலவசம், பார்க்க அழகு, ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் தனி அட்டை, இன்றைக்கு எத்தனை சொல் எழுதினோம் என்று காட்டும் வட்டம். எழுதும் வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. கைபேசியின் இயங்குதளம் புதிதாக மாறிய ஒரு நாளில் அது திறக்கவில்லை. அதைச் செய்தவர்கள் புதுப்பிப்பதை எப்போதோ நிறுத்தியிருக்கிறார்கள், நான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

நல்லவேளை, பழைய கைபேசி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் திறந்தது. வெளியே எடுக்கலாம் என்று போனால் பிடிஎஃப் ஒன்றுதான் கிடைத்தது, வேறு எந்த வடிவமும் இல்லை. சரி, பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொள்வோம் என்று பார்த்தால் 'பெண்' என்பது 'ெபண்' என்று விழுந்தது. 'கோபம்' 'ேகாபம்' ஆனது. பல பிடிஎஃப்கள் சொல்லை வைத்திருப்பதில்லை, தாளில் தெரியும் வடிவங்களை இடமிருந்து வலமாக வைத்திருக்கின்றன. கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிவதால் அதுவே முதலில் வருகிறது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடிலோ 'ப' முதலில், கொம்பு அதற்குப் பின்னால். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தத் தலைவலி வராது. எனக்கு ஒவ்வொரு வரியிலும் வந்தது. கடைசியில் பதினான்கு அத்தியாயங்களையும் பார்த்துப் பார்த்துத் திரும்ப டைப் செய்தேன்.

அப்புறம் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் உள்ளே போகும் முன் வெளியே வரும் வழி எது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மூன்று வரி போதும். 'கொ', 'கோ', 'கௌ', 'ஸ்ரீ' எல்லாம் வரும்படி ஒரு வரி. சாய்வெழுத்தில் ஒரு சொல். ஒரு தலைப்பும் ஓர் அடிக்குறிப்பும். இதை டாக்எக்ஸ் (வேர்டின் கோப்பு வடிவம்) கோப்பாகவும் வெறும் உரைக் கோப்பாகவும் வெளியே எடுத்து, வேறொரு கணினியில் வேறொரு மென்பொருளில் திறந்து பார்ப்பேன். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு செயலிகளைக் கழித்துக் கட்டியிருக்கிறேன்.

இப்போது நான் எழுதுவது ஸ்கிரிவனரில். புத்தகம் எழுதுவதற்கென்றே உள்ள மென்பொருள் அது, ஒவ்வொரு காட்சியையும் தனித் துண்டாக எழுதி அட்டைகளாகப் பார்க்கலாம். கீத் பிளவுன்ட் என்பவர் தன் எழுத்துக்காகத்தான் அதை உருவாக்கத் தொடங்கினார். மேக் கணினிக்கு 2007-இலும் விண்டோஸுக்கு 2011-இலும் வந்தது. எனக்கு அது ஒத்துப்போனதற்குக் காரணம் என் கதையின் அமைப்பு. பாட்டியின் காலம் ஒன்று, பேத்தியின் காலம் ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். பாட்டி ஒரு கடிதத்தைக் கிழிக்கும் காட்சி ஒன்பதாவதாக இருந்தது. ஒரு நாள் அதன் அட்டையைப் பிடித்து இழுத்து நான்காவது இடத்தில் வைத்தேன். கதையே வேறாகிவிட்டது. அதுவரை பேத்தியின் கோபத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த வாசகர், இப்போது அவளுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு அவளைப் பார்க்கிறார். நான் மாற்றி எழுத வேண்டியிருந்தது இரண்டே வரிதான். ஒரே நீளக் கோப்பில் எழுதியிருந்தால் அந்த இழுப்பை இழுத்துப் பார்த்திருக்கவே மாட்டேன். வெட்டி ஒட்டும் பயத்திலேயே விட்டிருப்பேன்.

இன்னொரு வசதி 'ஸ்னாப்ஷாட்'. ஒரு காட்சியை உடைத்து எழுதும் முன் அதன் அன்றைய நிலையைப் பதிந்து வைக்கலாம். புதியது சரிவரவில்லை என்றால் பழையதுக்குத் திரும்பலாம். இது கையில் இருந்ததால் தயங்காமல் வெட்டினேன்.

கடினமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். துண்டு துண்டாக எழுதியதை ஒரே பிரதியாகத் தொகுக்க 'கம்பைல்' என்று ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. புத்தகம் முடிந்த மகிழ்ச்சியில் இருக்கும்போது அதைக் கற்க உட்காராதீர்கள். மூன்று காட்சிகள் எழுதியதும் ஒரு முறை தொகுத்துப் பார்த்துவிடுங்கள். சோதனைக் காலம் 30 நாள். நாள்காட்டியின் நாள் அல்ல, நீங்கள் திறந்து பயன்படுத்தும் நாள் மட்டும்தான் கணக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் எழுதுகிறவருக்கு அது பதினைந்து வாரம் வரும்.

நீங்கள் எதில் எழுதுகிறீர்கள், ஏன் அதில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். விட்டுவிட்டு வந்தவற்றைப் பற்றியும் சொன்னால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

மூன்று நாவல்கள் எழுதியவர்

அக்கா, நீங்கள் சொன்ன அந்த இழுப்பு வேர்டிலும் உண்டு. பலருக்குத் தெரியாமலே இருப்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

பத்து வருடம் நானும் வேர்டைத் தட்டச்சுப் பொறி மாதிரிதான் பயன்படுத்தினேன். அத்தியாயத் தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்குவேன். புதிய பக்கம் வேண்டுமென்றால் என்டர் பட்டனைத் தட்டிக்கொண்டே போவேன். முன்னூறு பக்கம் ஆனதும் கோப்புக்குள் எதுவும் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு காட்சியைத் தேடவே கால் மணி நேரம் போகும்.

ஒரு மெய்ப்புத் திருத்துநர்தான் காட்டிக் கொடுத்தார். அத்தியாயத் தலைப்பில் கர்சரை வைத்து 'ஹெடிங் 1' என்ற பாணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காட்சிக்கு ஒரு சிறு தலைப்பு வைத்து அதற்கு 'ஹெடிங் 2'. பிறகு 'வியூ' பகுதியில் 'நேவிகேஷன் பேன்' என்பதை டிக் செய்தால் இடப்பக்கம் நாவலின் மொத்த எலும்புக்கூடும் வந்து நிற்கும். அங்கே ஒரு தலைப்பைப் பிடித்து மேலே இழுத்தால் அதன் கீழுள்ள உரை முழுவதும் கூடவே போகும். முதல் முறை அது நகர்ந்ததைப் பார்த்தபோது பழைய கோப்புகளையெல்லாம் திறந்து தலைப்புப் பாணி போட்டுக்கொண்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காட்சித் தலைப்புகள் எனக்கு மட்டும்தான். 'கிணற்றடி, மழை, அண்ணன் பொய் சொல்கிறான்' என்கிற மாதிரி. பதிப்பாளருக்கு அனுப்பும் பிரதியில் அவற்றை நீக்கிவிடுவேன்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் இதே வசதி உண்டு, எஃப்5 அழுத்தினால் 'நேவிகேட்டர்' வரும். அது இலவசம், அதன் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

பதிப்பாளரும் மெய்ப்புத் திருத்துநரும் எப்படியும் டாக்எக்ஸ்தான் கேட்பார்கள். திருத்தங்களைச் சிவப்பில் காட்டும் 'டிராக் சேஞ்சஸ்' அதில்தான் எல்லோருக்கும் பழக்கம். அதனால் கடைசி இரண்டு சுற்று வேலை வேர்டில்தான் நடக்கும், முதல் வரைவை எதில் எழுதினாலும். இது தெரிந்திருந்தால் தேர்வு பாதி எளிதாகிவிடும். முதல் வரைவுக்கு மட்டும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தால் போதும்.

புதிதாக எழுதத் தொடங்கியவர்

ஐயா, ரைட்டரில் எழுத்துருவை மாற்றினால் தமிழ் எழுத்து மட்டும் மாறாமல் அப்படியே நிற்கிறது. அளவும் மாறவில்லை. என் கணினியில்தான் கோளாறா?

மூன்று நாவல்கள் எழுதியவர்

கோளாறு இல்லை தம்பி. ரைட்டர் தமிழைச் 'சிக்கலான எழுத்தமைப்பு' என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு இன்னொன்று. எழுத்து அமைப்புப் பெட்டியில் 'வெஸ்டர்ன்' என்ற பகுதியை மாற்றியிருப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் 'காம்ப்ளெக்ஸ்' என்று இருக்கும், அதை மாற்றுங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் மொழி அமைப்புகளுக்குப் போய் அதை இயக்க வேண்டும். இதைப் பத்தி பத்தியாகச் செய்யாதீர்கள். பத்திப் பாணியில் ஒரு முறை மாற்றினால் நாவல் முழுவதும் மாறிவிடும்.

குறுநாவல்கள் எழுதுபவர்

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது தேடும் வசதியைத் தமிழில் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். என் கதை இது.

பாதி நாவல் முடிந்த பிறகு நாயகியின் பெயரை மாற்ற நினைத்தேன். கோமதி என்று இருந்தவள் மங்களம் ஆக வேண்டும். 'கண்டுபிடித்து மாற்று' கொடுத்தேன். ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மாறியது. அடுத்த நாள் வாசித்தால் 'மங்களம்யை', 'மங்களம்க்கு', 'மங்களம்யின்' என்று இருக்கிறது. நம் மொழியில் பெயர் தனியாக நிற்பதில்லை, வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டுதான் வரும். இகரத்தில் முடியும் பெயரை எடுத்துவிட்டு மகரத்தில் முடியும் பெயரை வைத்தால் பின்னால் வரும் எல்லாமே உடையும். 'கோமதியை' என்பது 'மங்களத்தை' ஆக வேண்டும், 'கோமதிக்கு' என்பது 'மங்களத்துக்கு' ஆக வேண்டும். ஒவ்வொரு உருபுக்கும் தனித்தனியாகத் தேடி மாற்றினேன். நீளமான உருபுகளை முதலில் மாற்ற வேண்டும், வெறும் பெயரைக் கடைசியில். பார்வதி என்று மாற்றியிருந்தால் ஒரே முறையில் முடிந்திருக்கும். ஆனால் அவள் மங்களம்தான். வேறு பெயர் அவளுக்கு ஒட்டவில்லை.

அதோடு முடியவில்லை. மூன்று அத்தியாயங்களில் கோமதி அப்படியே நின்றாள். தேடினால் 'இல்லை' என்கிறது, கண் முன்னால் இருக்கிறாள். அந்த மூன்றும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் நான் எழுதி, எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்தவை. 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின்னால் 'ோ' என்ற ஒரே குறி வரலாம், அல்லது 'ே' ஒன்றும் 'ா' ஒன்றுமாக இரண்டு குறிகள் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். அந்தக் கருவி இரண்டாவது விதத்தில் எழுதியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதும் மென்பொருளும் உண்டு, கருதாததும் உண்டு. நான் பயன்படுத்தியது கருதாத வகை.

இதே மாதிரி இன்னொன்று, 'அவர்கள்' என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைத்திருப்பது. அச்சில் வித்தியாசமே தெரியாது. தேடும்போதுதான் தெரியும். பழைய கோப்புகளைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோகிறவர்கள் முதல் வேலையாக இந்த இரண்டையும் சரிசெய்துவிடுங்கள். நூறு பக்கம் சேர்ந்த பிறகு செய்வதைவிட எவ்வளவோ எளிது.

தொடங்கி வைப்பவர்

துணைக்கால் விஷயம் என் பிரதியிலும் இருந்திருக்கிறது! உங்கள் பதிவைப் படித்ததும் தேடினேன், நாற்பத்தோரு இடம். மிக்க நன்றி.

ஆய்வு நூல் எழுதுபவர்

நான் கதை எழுதுகிறவன் அல்ல, அதனால் என் தேவை வேறு. ஒரு அத்தியாயத்துக்கு அறுபது எழுபது அடிக்குறிப்புகள் வரும். எந்த மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடிக்குறிப்பு உயிரோடு வெளியே வரவில்லை என்றால் எனக்கு உதவாது. இந்த ஒரு நிபந்தனையே பட்டியலைச் சுருக்கிவிட்டது.

நூல் விவரங்களை ஜோட்டெரோ என்ற மென்பொருளில் வைத்திருக்கிறேன். 2006-இலிருந்து இருப்பது, இலவசம். வேர்டு, லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் அது இணைந்து வேலை செய்யும். எழுதிக்கொண்டே ஒரு நூலைச் சுட்டலாம், கடைசியில் நூற்பட்டியல் தானாக வரும். ஒரு எச்சரிக்கை: அந்தச் சுட்டுகள் வெறும் எழுத்து அல்ல, ஜோட்டெரோவோடு கட்டியிருக்கும் புலங்கள். கோப்பை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கவனமில்லாமல் கொண்டுபோனால் கட்டு அறுந்து வெறும் எழுத்தாகிவிடும். அதனால் முதல் நாளிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து நூல் முடியும் வரை அதிலேயே இருந்தேன். பதிப்பாளருக்குப் போனது, கட்டை அவிழ்த்த தனி நகல்.

அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கடைசியில்தான் சேர்த்தேன்.

அம்மாவின் நினைவுகளைத் தொகுத்தவர்

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சொல்லச் சொன்னால் நாள் முழுக்கச் சொல்வார், எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நிறுத்திவிடுவார். பேனாவைப் பிடித்தாலே மொழி மாறிவிடுகிறது அவருக்கு. 'நான் என் இளமைப் பருவத்தில்' என்று தொடங்குவார், அது அவர் குரலே இல்லை.

கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு தமிழிலும் உண்டு. கருவிகள் பட்டியலில் இருக்கிறது, மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டு மைக்கை அழுத்த வேண்டும். அதைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். திரையைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். முதல் நாள் இருபது நிமிடம் பேசினார். திரையில் வந்தது ஒரு புள்ளி, கமா இல்லாத ஒரே நீளமான ஓடை. பெயர்கள் பல இடங்களில் வேறு பெயராக வந்திருந்தன. ஆனால் குரல் அவருடையது. 'அப்போ எனக்கு என்ன தெரியும், நீயே சொல்லு' என்று நடுவில் என்னைக் கேட்டதும் அதில் இருந்தது. அந்த வரியைப் புத்தகத்திலும் விட்டுவைத்தேன்.

கூடவே கைபேசியில் ஒலிப்பதிவும் வைத்துக்கொண்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். எழுத்தில் சொல் தவறினால் ஒலியைக் கேட்டுத் திருத்தலாம்.

தினமும் ராத்திரி நிறுத்தற்குறி போட்டுப் பத்தி பிரிப்பேன். வெளியூரில் இருக்கும் தங்கை அதே கோப்பைத் திறந்து, 'இது சித்தி கல்யாணத்துக்கு முந்தி நடந்தது' என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவாள். அந்தக் குறிப்புகளை அம்மாவிடம் வாசித்துக் காட்டினால் இன்னொரு கதை கிளம்பும். புத்தகத்தில் பாதி அப்படி வந்ததுதான். எங்களுக்கு அட்டையும் வேண்டாம், தொகுப்பும் வேண்டாம். ஒரே நேரத்தில் மூன்று பேர் உள்ளே இருக்க முடிந்ததுதான் எல்லாமே.

ஒரு கணக்கு மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸில் ஒரு கோப்புக்கு 10.2 லட்சம் எழுத்துக்குறிகள்தான் உச்சவரம்பு. நாம் எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு. 'எழுதுகிறார்கள்' நமக்கு எட்டு எழுத்து. கணினிக்குப் பதினான்கு, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனியாக எண்ணும். பெரிய புத்தகம் என்றால் பகுதி பகுதியாகப் பிரித்து வைப்பதே நல்லது.

மொழிபெயர்ப்பாளர்

எழுத்துக் கணக்கு என்றதும் சொல் கணக்கும் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் எழுதுவது பற்றிய அறிவுரைகளைப் படித்துவிட்டுத் தினமும் ஆயிரம் சொல் என்று ஸ்கிரிவனரில் இலக்கு வைத்தேன். எட்டவே முடியவில்லை. சோம்பேறியாகிவிட்டேனோ என்று பல நாள் வருந்தினேன். பிறகுதான் உறைத்தது. 'போய்க்கொண்டிருந்தபோது' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு மூன்று நான்கு சொல் ஆகும். நான் மொழிபெயர்க்கும் நூலின் பக்கங்களையே எடுத்து மூலத்தையும் தமிழையும் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் சொற்கள் கணிசமாகக் குறைவு. அன்றைக்கே இலக்கைச் சொல்லிலிருந்து மூலநூலின் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். நாளைக்கு மூன்று பக்கம். நிம்மதியாக இருக்கிறது.

ஸ்கிரிவனரில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பெரிய வசதி, திரையை இரண்டாகப் பிரிப்பது. மூலநூலின் பிடிஎஃப் இடப்பக்கம், நான் எழுதுவது வலப்பக்கம், இரண்டும் ஒரே திட்டத்துக்குள். சாளரம் மாற்றி மாற்றிக் கழுத்து வலிப்பது நின்றது.

ஒரு தவறும் செய்தேன், என் கவனக்குறைவுதான். விண்டோஸில் ஸ்கிரிவனர் திட்டம் என்பது ஒரு கோப்பு அல்ல, ஒரு முழுக் கோப்புறை. உள்ளே ஒரு சிறு திட்டக் கோப்பு இருக்கும், அதைச் சொடுக்கினால்தான் எல்லாம் திறக்கும். அந்தச் சிறு கோப்புதான் புத்தகம் என்று நினைத்து அதை மட்டும் மின்னஞ்சலில் எனக்கே காப்பு நகலாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அது அட்டவணை மட்டும்தான். எழுத்து முழுவதும் பக்கத்திலுள்ள கோப்புறைக்குள் தனித்தனி ஆர்டிஎஃப் கோப்புகளாக இருக்கிறது. நல்லவேளையாக, நகல் தேவைப்படும் நாள் வருவதற்கு முன்பே ஒரு நண்பர் பார்த்துச் சொன்னார். முழுக் கோப்புறையையும் ஜிப் செய்து வையுங்கள். இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் அதைத் திறந்து வைக்காதீர்கள்.

வெறும் உரைக் கோப்பில் எழுதுபவர்

நான் எதிர்த்திசையில் போனவன். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறை, 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. தலைப்புக்கு முன்னால் ஒரு கட்டக்குறி (#), சாய்வெழுத்துக்கு இருபுறமும் ஒரு நட்சத்திரம் (*). அவ்வளவுதான் கற்க வேண்டியது. கோப்பு வெறும் உரை. எந்தக் கணினியிலும், எந்தக் கைபேசியிலும், மிக எளிய நோட்பேடிலும் திறக்கும். காட்சிக்கு ஒரு கோப்பு, பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண். வரிசை மாற்ற எண்ணை மாற்றினால் போதும். எழுதி முடித்ததும் பான்டாக் என்ற இலவசக் கருவி எல்லாவற்றையும் சேர்த்து டாக்எக்ஸாகவோ மின்னூலாகவோ ஆக்கித் தரும்.

நான் அப்சிடியன் என்ற செயலியில் திறந்து எழுதுகிறேன். நாளைக்கு அது இல்லாமல் போனாலும் கோப்புறை என்னுடையது, வேறு எதிலும் திறப்பேன். தொடங்கி வைத்த அக்காவுக்கு நடந்தது எனக்கு நடக்க வழியில்லை, அந்த நிம்மதிக்காகத்தான் இது.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் பெரும் நாவல்களை டாஸ் என்ற பழைய இயங்குதளம் உள்ள கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0 என்ற பழைய எழுத்து மென்பொருளில் எழுதுவதாக 2014-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னார். தான் அடித்த எழுத்தைக் கணினி தானாகத் திருத்துவது அவருக்குப் பிடிக்காதாம். தமிழில் அடிக்கும்போது பெயர்ச்சொல்லையும் வட்டார வழக்கையும் 'திருத்திக்' கொடுக்கும் கைபேசி விசைப்பலகையோடு போராடியவர்களுக்கு அவர் சொன்னது நன்றாகவே புரியும். உரையாடல் எழுதும்போது தானியங்கித் திருத்தத்தை நிறுத்தி வையுங்கள்.

சாதாரண நாவலுக்கு இது போதும். படம், அட்டவணை, நிறைய அடிக்குறிப்பு உள்ள நூலுக்கு மேலே ஆய்வாளர் சொன்ன வழிதான் சரி.

மூன்று நாவல்கள் எழுதியவர்

டாக்எக்ஸில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு தைரியம் சொல்லிவிடுகிறேன் தம்பி. இரண்டாவது நாவலின்போது, கோப்பு சேமிக்கப்பட்டுக்கொண்டிருக்கையில் பென் டிரைவை உருவிவிட்டேன். அடுத்து திறந்தால் 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று வந்தது. கை நடுங்கிவிட்டது. இரண்டு வார வேலை, வேறு நகல் இல்லை.

டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஜிப்பைத் திறக்கும் 7-ஜிப் என்ற மென்பொருளில் திறந்தேன். எச்சரிக்கை காட்டினாலும் திறந்தது. உள்ளே 'வேர்டு' என்ற கோப்புறை, அதற்குள் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. அதை வெளியே எடுத்து நோட்பேடில் திறந்தால் ஆங்கிலக் குறிகளின் காட்டுக்கு நடுவில் என் வரிகள் தமிழிலேயே தெரிந்தன. 'அவள் விளக்கை அணைக்கவில்லை' என்ற வரி முதலில் கண்ணில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குறிகளையெல்லாம் நீக்கி எடுத்ததில் கடைசி நான்கு பக்கம் தவிர மற்றது கிடைத்தது.

அதற்குப் பிறகு மூன்று நகல், இரண்டு வெவ்வேறு இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. தினமும் கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்துப் புதிதாகச் சேமிக்கிறேன். நேற்றையதை அழிப்பதில்லை.

புதிதாக எழுதத் தொடங்கியவர்

எல்லோர் பதிவையும் இரண்டு முறை படித்தேன். எழுத்துரு இப்போது மாறுகிறது ஐயா. நான் எழுத நினைப்பது ஒரே ஊரில், ஒரே ஆண்டில் நடக்கும் கதை. நேர்க்கோட்டில்தான் போகிறது. எனக்கு அட்டைகள் தேவைப்படுமா அக்கா?

தொடங்கி வைப்பவர்

நேர்க்கோட்டுக் கதை என்றால் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ரைட்டரிலேயே எழுதுங்கள், ஐயா சொன்ன தலைப்புப் பாணியை முதல் அத்தியாயத்திலிருந்தே போட்டுவிடுங்கள். நடுவில் கதை கிளை பிரிந்து வரிசை குழம்பினால் அன்றைக்கு ஸ்கிரிவனருக்கு மாறலாம், டாக்எக்ஸை அது உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று வரிச் சோதனையை மட்டும் இன்றைக்கே செய்து பாருங்கள்.

புதிதாக எழுதத் தொடங்கியவர்

செய்துவிட்டேன் அக்கா. டாக்எக்ஸில் எல்லாம் வந்தது, அடிக்குறிப்பும் இடத்தில் இருக்கிறது. உரைக் கோப்பில் சாய்வெழுத்து மட்டும் போய்விட்டது. 'கௌ' சரியாகத்தான் வந்தது, அதில் கௌசல்யா என்று அடித்திருந்தேன். அதையே கதையில் அத்தைக்குப் பெயராக வைத்துவிட்டு முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.